அறுபதுக்கு நாற்பத்தேழு

டிப்போவில் அவருக்கு வைத்த பேர் பஞ்சு. முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வரும் பயணியின் கையிலுள்ள டீ தளும்பாது என்று கண்டக்டர்கள் பந்தயம் கட்டுவார்கள். சொந்தப் பேர் சம்பளப் பட்டியலோடு சரி. ஓய்வு பெற்ற பிறகும் பஞ்சு பஞ்சுதான்.

அவருடைய ஒரே மகன் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். லைசென்ஸ் கைக்கு வர இன்னும் பதினெட்டு மணி நேரம் பறந்தால் போதும் என்ற நிலையில், ஒரு காலை வேளை, இரண்டு பேர் உட்காரும் சின்னப் பயிற்சி விமானத்தில் தனியாகக் கிளம்பினான். ஐந்நூறு அடி ஏறியதும் இன்ஜின் நின்றுவிட்டது. கிளம்பிய ஓடுபாதைக்கே திரும்பி வந்துவிடப் பார்த்தான். பாதித் திருப்பத்தில் ஒரு பக்க இறக்கை சரிந்து, விமானம் சுழன்று தரையில் குத்தியது. ஆம்புலன்ஸ் வந்தது. வந்ததற்கு வேலை இல்லை.

எட்டு மாதம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. எரிபொருள் குழாயில் அடைப்பு, அதில் விமானியின் குற்றம் எதுவும் இல்லை என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியில் இடி. எதிரே அறுவடை முடிந்த வயல் வெட்டவெளியாகக் கிடந்தது, நேராகப் போய் அதில் இறங்கியிருக்கலாம், திரும்பியது விமானியின் தவறான முடிவு.

தவறான முடிவு. அந்த இரண்டு வார்த்தையையும் பஞ்சு திரும்பத் திரும்பப் படித்தார். செத்துப்போனவன் வாயைத் திறக்க மாட்டான் என்ற தைரியத்தில் எழுதிவிட்டார்கள் என்று நினைத்தார். மருமகளும் அப்படித்தான் நினைத்தாள். அவள் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு வேலை பார்ப்பவள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று பொடி எழுத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

"மாமா, நாம சும்மா விடக் கூடாது. அவர் செஞ்சது சரின்னு காட்டணும்."

"எப்படிம்மா காட்டுறது? எனக்கு ஏரோப்ளேன்ல எது முன்பக்கம் எது பின்பக்கம்னே தெரியாதே."

அப்புறம்தான் அவருக்கு, மகன் வீட்டில் விமானம் ஓட்டிப் பழகிய கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. அகலமான திரை, கையில் பிடிக்கும் ஸ்டிக், காலுக்கு இரண்டு பெடல். மகன் பயிற்சியில் சேர்ந்த புதிதில் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். நிஜ விமானம் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தானே கிடைக்கிறது, மீதி நாள் வீட்டிலாவது பழகட்டுமே என்று.

முதல் வாரம் அவரால் ஓடுபாதையை விட்டே கிளம்ப முடியவில்லை. விமானம் குடிகாரனைப் போல் புல்தரையில் இறங்கி இறங்கி நின்றது. பஸ்ஸில் உட்கார்ந்தால் வண்டி இடுப்போடு பேசும். பின்சக்கரம் வழுக்கப் போகிறது என்றால் கண்ணுக்கும் காதுக்கும் முன்னால் இடுப்புக்குத் தெரிந்துவிடும். இங்கே நாற்காலி ஊமையாக இருந்தது. திரையில் உலகமே சாய்ந்தாலும் அவர் மட்டும் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் விடவில்லை. காலையில் மருமகள் வேலைக்குக் கிளம்பியதும் உட்கார்ந்தால், மதியம் முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். இரண்டு மாதத்தில் ஏறவும் இறங்கவும் கை பழகிவிட்டது.

அப்புறம் அந்த நாளைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அதே ரக விமானம், அதே நீள ஓடுபாதை, அறிக்கையில் சொன்ன அதே காற்று. ஐந்நூறு அடி வந்ததும் ஒரு பொத்தானை அமுக்கி இன்ஜினை நிறுத்துவார். உடனே சாய்த்துத் திருப்புவார். முதல் சில தடவை விழுந்தார். பிறகு விமானம் ஓடுபாதைக்குத் திரும்பி வந்தது. வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு சாய்த்தார், வேகம் எவ்வளவு, எங்கே இறங்கினார் என்று ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார்.

"இன்னிக்கு எத்தனை மாமா?" வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மருமகள் கேட்பாள்.

"மொத்தம் அறுபது ஆச்சு. நாப்பத்தேழு தடவ பத்திரமா வந்து இறங்கிட்டேன்."

"அறுபதுக்கு நாப்பத்தேழா! அறுபத்தஞ்சு வயசுல, ரெண்டு மாசம் பழகின உங்களுக்கே வருதுன்னா, அவருக்கு வந்திருக்காதா? றெக்கையில ஏதோ கோளாறு இருந்திருக்கு மாமா. அதை மறைக்கிறாங்க."

பத்து மாதத்துக்கும் மேலான பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் தெரிந்தது.

மேல்முறையீட்டுக்கு விவரம் தெரிந்த ஒருவரின் கையெழுத்து வேண்டியிருந்தது. பஞ்சு நோட்டை எடுத்துக்கொண்டு பயிற்சிப் பள்ளிக்குப் போனார். மகனுக்குச் சொல்லிக் கொடுத்த அம்மாள் விமானக் கொட்டகையின் ஓரத்தில், எண்ணெய்க் கறை படிந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், குரலை உயர்த்தியே பழகியவள். இவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

நோட்டை ஒரு பக்கம் விடாமல் படித்தாள். மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, இதை எதுல ஓட்டிப் பார்த்தீங்க?"

"வீட்ல. அவனோட கம்ப்யூட்டர்ல. நிஜத்துல எப்படி இருக்குமோ அச்சு அசலா அப்படியே இருக்கும்னு டப்பா மேலேயே போட்டிருக்கு."

"பொய்யில்ல ஐயா. நேரா பறக்கும்போது, மெதுவா திரும்பும்போது எல்லாம் அச்சு அசல்தான். மீட்டர் முள்ளு அதுல காட்டுற இடத்துலதான் நிஜத்துலயும் காட்டும். என் பிள்ளைங்களை நானே அதுல பழகச் சொல்வேன். ஆனா இறக்கை காத்தைப் பிடிக்க முடியாம நழுவுற இடம் ஒண்ணு இருக்கு பாருங்க, அந்த ஓரத்துல என்ன நடக்கும்னு அதுக்கு முழுசாத் தெரியாது. தெரிஞ்ச வரைக்கும் கணக்கு, அதுக்கு மேல உத்தேசம். நிஜத்துல ஒரு பக்கம் படக்குனு விழும். உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல மெத்தையில உட்கார்ற மாதிரி உட்காரும்."

"எல்லாமே உத்தேசம்னு சொல்லிட முடியுமா மேடம்? நாப்பத்தேழு தடவ வந்திருக்கே."

"இன்ஜினை நிறுத்தினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நிக்கப் போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

பஞ்சுவுக்குக் கோபம் வந்தது. பள்ளிக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது என்று பூசி மெழுகுகிறாள் என்று நினைத்தார். நினைத்ததை முகத்துக்கு நேராகச் சொல்லியும்விட்டார். அந்த அம்மாள் நோட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்:

"மேலே வர்றீங்களா ஐயா?"

அப்படித்தான் பஞ்சு தன் வாழ்நாளில் முதல் தடவையாக விமானத்தில் ஏறினார். மகன் ஓட்டிய அதே ரகம். கதவு தகர டப்பா போல் இருந்தது. சக்கரம் தரையை விட்டதுமே அவருக்கு ஒன்று புரிந்துபோனது. இந்த நாற்காலி ஊமை இல்லை. ஒவ்வொரு காற்றும் இடுப்பில் வந்து தட்டியது.

மூவாயிரம் அடிக்கு மேல் ஏறியதும் அந்த அம்மாள் சொன்னாள்: "மூவாயிரத்தைத் தரைன்னு வச்சுக்குவோம். மூவாயிரத்து ஐந்நூறுல உங்க நோட்டுல எழுதின மாதிரியே செஞ்சு காட்டுறேன். எப்ப நிறுத்துவேன்னு சொல்ல மாட்டேன்."

ஏறிக்கொண்டே இருந்தார்கள். அதோ பாருங்க ஐயா, அதுதான் ஏரி என்று அவள் கை காட்ட, அவர் திரும்பிப் பார்த்தார். சத்தம் நின்றது. என்ன ஆயிற்று என்று புரிவதற்குள் நாலு நொடி ஓடிப்போயிருந்தது. அவள் சாய்த்துத் திருப்பினாள். ஸ்டிக் நடுங்கியது. இடுப்புக்குக் கீழே ஏதோ வழுக்கியது. அது அவருக்குத் தெரிந்த வழுக்கல்தான். மழை நாளில், பாலத்து வளைவில், முப்பத்தோரு வருஷத்தில் இரண்டே தடவை உணர்ந்தது. அடுத்த நொடி இடது இறக்கை கழன்று விழுந்ததைப் போல் விமானம் கவிழ்ந்தது. கண்ணாடி முழுக்கத் தரை சுழன்றது. பஞ்சு கத்தினார். கத்தியது என்ன வார்த்தை என்று அவருக்கே தெரியாது.

அவள் காலை உதைத்து, ஸ்டிக்கைத் தள்ளி, விமானத்தை நிமிர்த்தினாள். உயரம் காட்டும் முள்ளைத் தொட்டுக் காட்டினாள். இரண்டாயிரத்து எண்ணூறு.

"நாம இப்ப தரைக்கு இருநூறு அடி கீழ இருக்கோம் ஐயா," என்றாள்.

தரையில் வந்து இறங்கினார்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு வந்து அவள்தான் ஆரம்பித்தாள்.

"இன்ஜின் நின்னா நேரா போ, நேரா போன்னு உங்க பையன்கிட்ட நூறு தடவ சொல்லியிருக்கேன். ஒரு நாள், 'வீட்ல செஞ்சு பார்த்தேன் மேடம், திரும்பி வருது'ன்னான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுடான்னு சொல்லிச் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது. அன்னைக்கே மேலே கூட்டிட்டுப் போய் இதைக் காட்டியிருக்கணும்."

"நேரா போயிருந்தா..." அவர் முடிக்கவில்லை.

"கை உடைஞ்சிருக்கும், கால் உடைஞ்சிருக்கும். ஆளு இருந்திருப்பான்."

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஞ்சுவின் மனசு ஒரே இடத்தைச் செக்குமாடு போல் சுற்றிக்கொண்டிருந்தது. தான் வாங்கிக் கொடுத்த பெட்டி. அவன் நாலு நொடி திகைத்துப் போயிருப்பான். பிறகு கை தானாகத் திருப்பியிருக்கும். பழகிய கை பழகியதைத்தானே செய்யும்? அந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்து, சுமந்து வந்து, மேஜை மேல் வைத்துக் கொடுத்தவர் அவர். மருமகளிடம் என்ன சொல்வது? அந்த அம்மாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார்.

மருமகள் மேஜை முழுக்கக் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன மாமா சொன்னாங்க?"

"கையெழுத்துப் போட மாட்டாங்களாம். பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுடும்னு பயம்..."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லிப் பழகாத முகம்.

"அவங்க ஓட்டிக் காட்டினாங்களா மாமா? மேலே போனீங்களா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"திரும்பி வரலையா?"

"வரலம்மா."

அவள் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். ஓரங்கள் சேரவில்லை. தட்டித் தட்டிச் சரி செய்தாள். அதைச் செய்துகொண்டே, யாருக்கோ சொல்வதுபோல் பேசினாள்.

"அவர் கம்ப்யூட்டர்ல பழகும்போது இன்ஜினை நிறுத்துறது நான்தான் மாமா. தெரிஞ்சு நிறுத்தினா பழக்கம் வராது, நீ சொல்லாம கொள்ளாம நிறுத்துன்னு சொல்வார். பின்னாடி வந்து அமுக்கிடுவேன். முதல்ல எல்லாம் நேராத்தான் போய் வயல்ல இறங்குவார். நான் சிரிப்பேன். என்னங்க, வீட்டுக்கு வராம காட்டுல போய் உட்கார்ந்துட்டீங்களேன்னு. அதுக்கப்புறம்தான் திருப்ப ஆரம்பிச்சார். வந்து இறங்கினா கை தட்டுவேன்."

பஞ்சு வாயைத் திறந்தார். பெட்டியை வாங்கிக் கொடுத்தவன் நான், அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளோ, சிரித்தது என் தப்பு என்கிறாள், உன் மேல் என்னம்மா தப்பு என்று கேட்க நினைத்தார். ஆனால் அந்த ஆறுதலை அவராலேயே நம்ப முடியவில்லை. மூன்று பேருக்குப் பங்கு போட்டால் பாரம் குறையும் என்பார்கள். இது ஆளுக்கு முழுசாக இருந்தது.

"றெக்கையில கோளாறுன்னு வந்துட்டா போதும்னு இருந்தேன் மாமா. வேற எதுவும் எனக்கு வேண்டாம். அது மட்டும் வந்துட்டா போதும்னு இருந்தேன்."

அவர் எதிரே உட்கார்ந்தார். மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் ஒவ்வொன்றாகப் போயின. இருவரில் ஒருவரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அறிக்கை எழுதினது எழுதினபடி நின்றது.

கெடு முடிந்த அன்று சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்:

"யாராவது அவர் எப்படிப் போனார்னு கேட்டா, இனிமே நாம என்ன மாமா சொல்றது?"

பஞ்சு தட்டைத் துடைத்தார். துடைத்து முடித்த தட்டையே மறுபடியும் துடைத்தார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு குழாயைத் திறந்து, அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.