முத்துமாரியின் போணி

நெல்லையப்பன் அண்ணாச்சியின் பைகள் விற்கும் கடையில் காலையில் முதலில் கால் வைத்தவர் வெறுங்கையோடு திரும்பியதாகத் தாராவியில் சரித்திரமே இல்லை. சயான் ஸ்டேஷனுக்கு வழி கேட்டு வந்தவரிடமே ஒரு பெல்ட்டை விற்றுவிட்டுத்தான் வழி சொன்னவர் அவர். தப்பித்தவறிப் போணி ஆகாமல் ஆள் போய்விட்டால் ஷட்டரை இறக்கி, வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, மறுபடி ஊதுபத்தியிலிருந்து தொடங்குவார். போணி முடியும்வரை இரண்டாவது ஆளிடம் விலைகூடச் சொல்லமாட்டார்.

இது முத்துமாரிக்குத் தெரியும். பதினேழு வயது. கடைக்கு மேலே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் பரணில் இரண்டு வருடமாகப் பைகளுக்குப் பசை பூசுகிறாள். பரணுக்குச் சந்துப் பக்கத்து இரும்பு ஏணிதான் வழி. கடை வாசல் காசோடு வருகிறவர்களுக்கு. பகலெல்லாம் பசை, அதன் பிறகு இரவுப் பள்ளி. அப்படியும் பத்தாவதில் எழுபத்தொரு சதவீதம்.

ஒரு மாதத்துக்கு முன், மார்க் வந்த அன்றைக்கு அண்ணாச்சி லட்டு கொடுத்தார். "கொண்டா, நாலு பேருக்குக் காட்டணும்" என்று மார்க்‌ஷீட்டையும் பள்ளிச் சான்றிதழையும் வாங்கினார். நாலு பேருக்குக் காட்டினார். ஐந்தாவதாக இழுப்பறைக்குக் காட்டிப் பூட்டிவிட்டார். இத்தனை வேகமான கை இத்தனை மலிவாக வேறெங்கே கிடைக்கும்? கேட்கும்போதெல்லாம் "நாளைக்குத் தாரேன்" என்பார். செம்பூர் பயிற்சிக்கூடத்தில் அவளுக்கு எலக்ட்ரீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இன்று மதியம் ஒரு மணிக்குள் அசலைக் கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

பத்து மணிக்கு அண்ணாச்சி ஊதுபத்தியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, தீபாவளிச் சுடிதாரில், வலது காலை எடுத்து வாசலில் வைத்தாள் முத்துமாரி.

"அண்ணாச்சி, போணி!"

"ஏட்டி, என்ன வேஷம் இது? ஏணிப் பக்கமா போ."

"இன்னைக்கு நான் லீவு. கஸ்டமரா வந்திருக்கேன். வெரட்டுனா போயிருதேன்."

ஊதுபத்தியை அவசரமாகச் செருகினார் அண்ணாச்சி. "இரு, இரு. என்ன வேணும்?"

"சர்டிபிகேட் ஃபைல்."

கறுப்பில் ஒன்றை எடுத்துப் போட்டார். "முன்னூத்தம்பது. அசல் தோலு."

"ரெக்சின். பசை போட்டவகிட்டயே தோலுங்கீயளே! அம்பது."

"வயித்தெரிச்சலக் கெளப்பாதட்டி. போணிக்காக நூறு."

"சரி. ஆனா தாள் உள்ள நுழையுதான்னு பாத்துதான் வாங்குவேன்."

"எந்தத் தாளும் நுழையும்."

"எந்தத் தாளும் வேண்டாம். என் தாளு. ரெண்டாவது இழுப்பறையில இருக்கு."

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் கல்யாணிலிருந்து மொத்தக் கொள்முதலுக்கு வரும் ஹமீது பாய் உள்ளே நுழைந்தார். "அண்ணாச்சி, காலேஜ் பேக் நாப்பது எடுத்து வைங்க. ட்ரெயினுக்கு நேரமாச்சு."

அண்ணாச்சி பைகளை எடுக்காமல் முத்துமாரியைப் பார்த்தார். ஹமீது பாய்க்குப் புரிந்துவிட்டது. அவரும் கடை வைத்திருப்பவர்.

"அடடா, போணி ஆகலையா? குறுக்க வந்து உங்க ராசியக் கெடுக்கமாட்டேன். அதுவரைக்கும் பக்கத்துக் கடையில பாத்துட்டு வாரேன்."

"பாய், உக்காருங்க! டீ வருது!"

பாய் ஸ்டூலில் அமர்ந்தார். "என்னம்மா பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல பாய். ஃபைல்ல என் மார்க்‌ஷீட் நுழையுதான்னு பாக்கணும். அது அண்ணாச்சி இழுப்பறையில ஒரு மாசமாப் படுத்திருக்கு."

"அங்க ஏன் படுத்திருக்கு?"

"பத்திரமா இருக்கட்டும்னு..." என்று இழுத்தார் அண்ணாச்சி.

"பத்திரத்துக்குத்தான் அண்ணாச்சி, ஃபைல் வாங்குதேன்."

பாய்க்குச் சிரிப்பு முட்டியது. முத்துமாரி ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தாள். "அப்ப வாரேன்." அடுத்த காலையும் தூக்கினாள். பாயும் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

சாவி திரும்பியது.

இரண்டு தாள்களையும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து ஃபைலுக்குள் விட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் நுழைந்தன. எழுபத்தைந்து ரூபாயை மேஜையில் வைத்தாள்.

"நூறுன்னுலா பேசுனோம்?"

"அது அப்ப பேசுனது. காக்க வச்சதுக்குக் கழிவு."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணாச்சியோ பல்லைக் கடித்துக்கொண்டே, பழக்கம் விடாமல், அந்தக் காசை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

பஸ்ஸில் இடமில்லை. தொங்கிக்கொண்டுதான் செம்பூர் போனாள். ஒரு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கிளார்க் அசல்களை வாங்கி உள்ளே வைத்தார். இந்தத் தடவை ரசீது கேட்டு வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். இடம் அவளுடையது. சிரிப்பு நிற்கவே மாட்டேன் என்றது.

வரிசையில் பின்னால் மகளோடு நின்ற பிரேமலதா என்ற அம்மாளின் கையில், பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்கள் மழையில் நனைந்து சுருண்டு கிடந்தன.

"ஃபைல் அழகா இருக்கே. எங்க வாங்குனம்மா?"

காலியான ஃபைலைத் துப்பட்டாவால் ஒரு துடை துடைத்தாள் முத்துமாரி. "ரெக்சின்தான்க்கா. ஆனா பசை நான் போட்டது, ஏழு மழைக்கும் விடாது. இருநூறு. நீங்கதான் எனக்குப் போணி, பாத்துக் குடுங்க."

"நூறு" என்றார் பிரேமலதா.

முத்துமாரி துப்பட்டாவை முந்தானைபோல் இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பேரத்துக்கு நேரம் நிறைய இருந்தது.