ஆறாவது சர்வர்

ஜோஸ்வின் ஆறு மணிக்கு எழுந்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். மோட்டார் போட்டான். தொட்டி வழிந்ததும் நிறுத்தினான். எட்டரைக்கு, மாரண்டஹள்ளி வாடகை வீட்டின் சமையலறை மேடையிலேயே லேப்டாப்பைத் திறந்தான்.

காய்கறி வியாபாரிகள் குரல்செய்தி அனுப்பிக்கொள்ளும் ஆப் ஒன்றின் தரவுத்தளம் அவன் பொறுப்பு. தரவு ஆறு சர்வர்களில் பிரிந்து கிடந்தது. யாராவது ஒரு செய்தியை அழித்தால் உடனே போய்விடாது. அழிந்ததாக ஒரு குறிப்பு மட்டும் விழும். பழைய கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கும்போதுதான் நிஜமாகவே போகும். அதைத் தானாக நடக்கவும் விடலாம், கையாலும் செய்யலாம். எட்டு மாதத்துக்கு முன் ஆட்டோமேட்டிக்கை நிறுத்திவிட்டு, சனிக்கிழமைதோறும் கையால் செய்யத் தொடங்கினான். ஆறாவது சர்வரை மட்டும் தொடவில்லை.

அதில் ஆக்சிலியா இருந்தாள். சோதித்துப் பார்க்க மனைவியையும் ஆப்பில் சேர்த்திருந்தான். தொப்பூர் கணவாயில் அவள் வந்த பஸ் லாரியில் மோதுவதற்குச் சற்று முன் அனுப்பிய செய்தி. வேலை மும்முரத்தில் அவன் கேட்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள், கேட்காத செய்தி ஒன்று என்று போன் காட்டிக்கொண்டே இருந்தது பொறுக்காமல் அழித்தான். மீட்க இப்போதும் பத்து நிமிடம் போதும். ஆனால் கேட்டுவிட்டால், அவள் சொல்ல அப்புறம் ஒன்றும் மிச்சமிருக்காது.

ஒன்பது மணிக்கு ஓசூரிலிருந்து டீம் லீட் நிர்மலாதேவி அழைத்தார்.

"என்ன ஜோஸ்வின், ஆறாவது சர்வர்ல புதையலா வெச்சிருக்க? டிஸ்க் தொண்ணூத்தேழு பர்சென்ட்."

"சனிக்கிழமை கையால பண்ணிடறேங்க மேடம்."

"எட்டு மாசமா இதேதான் சொல்ற. மெஷின் தானா செய்யறத கையால செய்ய, நாம என்ன கைக்குத்தல் அரிசியா விக்கறோம்?"

"ஒரு நாள் குடுங்க."

"சாயந்திரமே நிரம்பிடும்ப்பா. பன்னெண்டு மணிக்கு ஆட்டோமேட்டிக்க நானே போட்டுருவேன்."

பாத்திரம் கழுவினான். துணி காயப் போட்டான். வாசல்வரை போய்த் திரும்பினான். பதினொன்றே முக்காலுக்குக் கோப்பை மீட்டெடுத்தான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு அழுத்தினான்.

"ஏங்க, உக்கார எடம் கெடச்சிருச்சு. தக்காளி கிக்காளி வாங்கிராதீங்க, எங்கம்மா ஒரு பை குடுத்துருக்குது. அப்பறம்... இருங்க, கண்டக்டர் வர்றாரு."