அத்தியாயம் இருபதில் அவள் சாப்பிடவில்லை

எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு வாசிக்க வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "சாப்டாச்சா?" என்பதுதான். உபசாரம் என்று நினைத்துவிடக் கூடாது. இது தொழில் கேள்வி. வாசிப்பவரின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி மைக் இருக்கிறது. சுவரில் ஒட்டிய பஞ்சு வெளியே கேட்கும் சத்தத்தை எல்லாம் விழுங்கிவிடுவதால், உள்ளே இருக்கிற ஒரே ஆளைக் கேட்பதைத் தவிர மைக்குக்கு வேறு வேலை கிடையாது. பசித்த வயிறு ஒருமுறை உறுமினால், காதல் காட்சிக்குள் புலி புகுந்ததுபோல் பதிவாகும்.

"வயிறு முட்டச் சாப்ட்டேன்," என்றார் அன்று வாசிக்க வந்திருந்த அக்கா. "போதாதுன்னு வர்ற வழியில ரெண்டு வாழைப்பழம். உன் மைக்குக்கு இன்னிக்கு என் குரல் மட்டும்தான்டி கேக்கும்."

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். வானொலி நாடகம், விளம்பரம் என்று பாதி வாழ்க்கையை மைக்கின் முன் கழித்தவர். அவருடைய கணவர் நாவலாசிரியர். சென்ற மாதத்துக்கு முந்தின மாதம் இறந்துபோனார். அவர் முடித்துவைத்துவிட்டுப் போன கடைசி நாவலைத்தான் ஒலிப்புத்தகத்துக்காக அக்கா வாசித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு முன் வந்த அவருடைய நாவல்களையெல்லாம் வேறு யார் யாரோ வாசித்தார்கள். வீட்டுக்காரி வாசித்தால் கதை வீட்டுக்கதையாகிவிடும் என்பது அவர் கட்சி. அக்காவும் முதல் நாவலுக்குப் பிறகு அவர் புத்தகம் எதையும் திறந்து பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் அந்த முதல் நாவலில் ஏதோ குறை சொல்லப்போய், மனிதர் ஒரு வாரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாராம். அன்றிலிருந்து, அவர் எழுதுவதை இவர் படிப்பதில்லை, இவர் சமைப்பதை அவர் குறை சொல்வதில்லை என்று ஓர் ஒப்பந்தம்.

"உசுரோட இருந்தவரைக்கும் என்னை வாசிக்க விடல," என்றார் அக்கா முதல் நாளே. "இப்ப எப்படித் தடுக்கறாருன்னு பாக்கறேன்."

தடுக்க ஒருவர் இருந்தார், பதிப்பாளர். எதற்கெடுத்தாலும் 'ச்சு' என்று நாக்கைத் தட்டுவதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் உச்சுக்கொட்டி. துக்கமென்றாலும் ச்சு, தேநீர் ஆறிப்போனாலும் ச்சு. அதனாலேயே அவரை மைக் இருக்கும் அறைக்குள் விடுவதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் அருகில் நாற்காலி போட்டு உட்கார்த்திவைத்திருந்தேன்.

"போன அத்தியாயத்துல கதாநாயகன் போயிட்டான்," என்றார் அவர் என்னிடம். "இன்னிக்கு அவன் பொண்டாட்டி துக்கம். புத்தகத்தோட உயிரே இதுதாம்மா. அவங்களால முடியலைன்னா வேற குரல் தயாரா வெச்சிருக்கேன். மொதல்லேருந்து அந்தப் புது ஆளையே வாசிக்கச் சொல்லிடுவேன்."

"ஏன் சார் முடியாது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க நாத்தனார் சொன்னாங்க. சாவு வீட்டுல ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையாம். கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்களாம். ச்சு."

வாசிப்பவர்கள் புத்தகத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வரவேண்டும். எங்கள் தொழிலின் முதல் விதி இது. அடுத்த வரியில் யார் கோபப்படப்போகிறார்கள் என்று தெரிந்தால்தானே இந்த வரியில் குரலை இறக்கிவைக்க முடியும்? நான் எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். "அந்த ஆளையே இத்தனை வருஷமாப் படிச்சிருக்கேன், புஸ்தகத்தை வேற தனியாப் படிக்கணுமா?" என்றார் அக்கா. பத்தொன்பது அத்தியாயம்வரை அது செல்லுபடியாகவும் ஆனது.

சிவப்பு விளக்கைப் போட்டேன். அக்கா தொடங்கினார்.

"'அவன் போன பிறகு அவள் ஜன்னலோரம் உறைந்து நின்றாள். வானமும் அவளோடு சேர்ந்து அழுதது. அன்று முழுவதும் ஒரு பருக்கைகூட அவள் தொண்டையில் இறங்கவில்லை. மறுநாளும். அதற்கு மறுநாளும்...'"

அங்கே நின்றது. தலையணி ஒலிப்பானில் 'புர்ர்' என்று ஒரு சத்தம். மைக் கோளாறோ என்று பதறி நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

உச்சுக்கொட்டி எழுந்தே விட்டார். "உடைஞ்சுட்டாங்க! இதை வெச்சுக்கோம்மா, இந்த அழுகை அப்படியே இருக்கட்டும்!"

"அழல சார். சிரிக்கறாங்க."

உள்ளே இருப்பவரிடம் பேசும் பொத்தானை அழுத்தி, "என்னக்கா?" என்று கேட்டேன்.

"மூணு நாளாடி சாப்பிடாம இருப்பேன் நானு? எல்லாரும் கிளம்பிப் போன அன்னிக்குச் சாயங்காலமே ரெண்டு தடவை போட்டுச் சாப்ட்டேன். அப்படி ஒரு பசி. அது என்னது, வானம் அழுதுச்சா? அன்னிக்கு வெயில் மண்டையைப் பொளந்துச்சு! வந்தவங்க எல்லாரும் விசிறிக்கிட்டே துக்கம் கேட்டாங்க."

"அக்கா, அது கதை."

"கதையா? பொண்டாட்டிக்கு இடது புருவத்துல தழும்புன்னு மூணாம் அத்தியாயத்துலயே எழுதியிருக்கார். இது யாரு புருவம்?" என்று தன் புருவத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்.

மறுபடி எடுத்தோம். பிழை வந்தால் முந்தின வரியை வாசிப்பவரின் காதில் ஓடவிட்டு, அதே வேகத்தில் தொடரச் சொல்வோம். அவர் மூச்சு இழுக்கும் இடத்தில் பழையதையும் புதியதையும் ஒட்டிவிடுவோம். இருமல், தும்மல், தடுமாறிய சொல் எல்லாவற்றையும் இப்படிச் சரிசெய்துவிடலாம். சிரிப்புதான் ஆபத்து. சிரித்து முடித்த பிறகும் உதடு கொஞ்சநேரம் அகன்றே இருக்கும். குரலில் ஒரு வெளிச்சம் ஏறிவிடும். 'உறைந்து நின்றாள்' என்று வாசித்தாலும் ஐஸ்கிரீம் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவள் போலக் கேட்கும். தண்ணீர் குடிக்கச் சொல்லி, வேறு பேச்சுப் பேசி, உதடு தன் இடத்துக்குத் திரும்பக் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருந்து எடுத்தோம். அடுத்த பத்தியில், "'அவள் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை'" என்ற இடத்தில் மறுபடி புர்ர்.

"பாத்தியாடி, பழி வாங்கியிருக்கார்! வீட்டுல என் வாயை மூட முடியல, புஸ்தகத்துல மூடிட்டார். ஆஸ்பத்திரி பில்லுல ரெண்டு தடவை ஒரே ஊசியைப் போட்டிருந்தான். சண்டை போட்டு அந்தப் பில்லுக்காரனை நாற்காலியிலேருந்து எழுப்பிட்டுத்தான் வந்தேன். இவரு என்னடான்னா..."

உச்சுக்கொட்டியின் நாக்கு இப்போது கடிகாரம்போல் தட்டிக்கொண்டிருந்தது. என் மேசைமீது குனிந்து பொத்தானை அவரே அழுத்தினார். "அம்மா, ஒரு சொல்லையும் மாத்த முடியாது. உங்க வீட்டுக்காரர் எழுத்து. இன்னும் ஒரு தடவை பாக்கறேன். சரியா வரலைன்னா மன்னிச்சுக்குங்க, நாளைக்கு வேற ஒருத்தரை வரச் சொல்லிடறேன்."

அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. தலையணியைச் சரிசெய்துகொண்டார்.

"ஓடவிடுடி," என்றார். "பல்லைக் கடிச்சுக்கிட்டாவது வாசிச்சுடறேன். இதையும் வேற எவளாவது வாசிக்கறதுக்கா நான் வந்தேன்?"

நான் பயந்துதான் ஓடவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தால் பல்லைக் கடிப்பது அப்படியே பதிவாகும். ஆனாலும் ஜன்னலைத் தாண்டினார். வானத்தைத் தாண்டினார். மூன்று நாள் பட்டினியை, என் பக்கம் பார்க்காமலேயே, தாண்டினார். கதாநாயகனின் சட்டையை முகர்ந்துகொண்டு அவள் விடியும்வரை விழித்திருக்கும் ஒன்றரைப் பக்கம் வந்தது. அக்காவின் தோள் இரண்டு முறை துள்ளியது. குரல் துள்ளவில்லை. பக்கத்தைத் திருப்பினார்.

"'அதன் பிறகு ஒரு நாள் அவள் கட்டிலில் அவன் பக்கத்துக்கு நகர்ந்து படுத்தாள். மின்விசிறிக் காற்று அந்தப் பக்கம்தான் நன்றாக...'"

நின்றுவிட்டார்.

இந்த முறை புர்ர் இல்லை. எதுவுமே இல்லை. அளவுகாட்டியில் பச்சைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. நான் பதிவை நிறுத்தவில்லை.

"இதை நான் யாருகிட்டயும் சொல்லலையே," என்றார் அக்கா, மெதுவாக. கேள்வி எனக்கு இல்லை. கையிலிருந்த தாளைப் பார்த்துத்தான் கேட்டார். "மூணாம் வாரம். வெக்கை தாங்கல. அந்தப் பக்கம் போய்ப் படுத்தேன். அப்படித் தூங்கினேன். காலையில எந்திரிச்சு, யாராவது பாத்துட்டாங்களோன்னு வெக்கமா இருந்துச்சு."

அந்த வரியை விரலால் தொட்டபடி, "காத்து அந்தப் பக்கம்தான் வருதுன்னு கல்யாணமான நாள்லேருந்து சண்டை போட்டிருக்கேன்," என்றார். "ஒரு நாள் எனக்கு விட்டுக்கொடுத்து நகர்ந்து படுத்ததில்ல மனுஷன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்திருக்கார்."

உச்சுக்கொட்டி என் தோளைத் தட்டினார். அவர் கண் ஈரமாகியிருந்தது. "இங்கதாம்மா," என்று என் காதில் கிசுகிசுத்தார். "இங்கதான் குரல் உடையணும். சொல்லு அவங்ககிட்ட."

நான் சொன்னேன். சொல்வது என் வேலை.

"எதுக்கு உடையணும்?" என்றார் அக்கா. "அவ காத்து வாங்கிக்கிட்டுப் படுத்திருக்கா. தூக்கம் வருது. ரொம்ப நாள் கழிச்சு வருது. அந்த வரியில நான் அழுதா அவ முழிச்சுக்க மாட்டாளா?"

பதிப்பாளரின் நாக்கு மேலே போனது, தட்டாமல் இறங்கிவிட்டது. "சரி," என்றார். "அவங்க இஷ்டப்படி."

முந்தின வரியை ஓடவிட்டேன். அக்கா அந்த வாக்கியத்தை, ஜன்னலைச் சாத்தினேன் என்று சொல்கிற மாதிரி வாசித்தார். அதற்கப்புறம் நிற்கவே இல்லை. அடுத்த பக்கத்தில் நிலா அவளைப் பார்த்து விம்மியது. இன்னொரு பக்கத்தில் நட்சத்திரங்கள் உதிர்ந்தன. அக்கா எதற்கும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கணவர் கொஞ்சம் அளந்துவிடும்போது, மறுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவியின் குரல் அது. நான் இத்தனை வருடமாகப் பலர் துக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறேன். நடுக்கம், விம்மல், நெடுமூச்சு என்று ஒவ்வொன்றும் எந்த அளவில் பதிவாகும் என்று எனக்குத் தெரியும். இந்தக் குரலில் அவற்றில் ஒன்றும் இல்லை. ஆனாலும் உச்சுக்கொட்டி மூக்கைச் சிந்த வெளியே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தியது அன்றுதான் முதல் தடவை.

விளக்கை அணைத்தேன். அக்கா வெளியே வந்து தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

"நட்சத்திரம் உதிருதாமே," என்றார். "மனுஷனுக்குக் கிட்டப்பார்வை. ஒரு நட்சத்திரத்தைக்கூட ஒழுங்காப் பாத்ததில்ல."

"சார் நாளைக்கும் உங்களையே வரச் சொல்லிட்டார் அக்கா. கடைசி அத்தியாயம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு வாங்களேன்."

தாள்களை நீட்டினேன். கை வந்தது, வாங்காமல் திரும்பிப்போனது.

"வேணாம். இங்கயே இருக்கட்டும். நீளமாடி?"

"சின்னதுதான். ஏழெட்டுப் பக்கம். ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம்."

"ஒரு மணி நேரம்தானா?" அக்கா கதவில் கைவைத்தபடி யோசித்தார். "எனக்குத் தொண்டை சரியில்லடி. ரெண்டு மூணு நாள் ஆகும்னு உச்சுக்கொட்டிகிட்ட நீயே சொல்லிடு."