மேசைக்கு அடியில் ஒரு விரல்

றேணுகா சுவிட்சைப் போட்டாள். மேசையில் சர்க்கிட் போர்ட் பிணம் மாதிரிக் கிடந்தது. பச்சை லைட் ஒருமுறை கண்ணடித்து, ரிலே 'டிக்' என்று சத்தம் போட வேண்டும். அப்போதுதான் மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடும். அடுத்த போர்டை மாட்டினாள். அதுவும் அப்படியே. வெள்ளவத்தையில், சேலைக்கடைக்கு மேல்மாடியில், மின்விசிறி இல்லாத அந்த அறையில் சோல்டர் புகை கண்ணைக் கரித்தது.

ஒட்டிய இடங்களை மறுபடி உருக்கிப் பார்த்தாயிற்று. வோல்டேஜ் அளந்தாயிற்று, வர வேண்டிய இடத்துக்கெல்லாம் வருகிறது. புரோகிராம் எழுதும் நிலாம் அதை அழித்துத் திரும்ப ஏற்றியும் பார்த்துவிட்டான். போர்டை வரைந்த எஞ்சினியர் மெல்பேர்னுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். வாட்ஸ்அப்பில் கேட்டதற்குக் கும்பிடும் கை ஒன்றை அனுப்பியிருந்தார்.

முதலாளி கிருபாகரன் சென்ட் வாசனையோடு உள்ளே வந்தார். விசிட்டிங் கார்ட்டில் அவர் 'தலைமைக் கனவாளர்'. கருவிக்கு அவர் வைத்த பெயர் 'நீர்த்தோழன் 2.0'. 1.0 என்று ஒன்று பிறந்ததே இல்லை.

"என்ன றேணுகா, போர்ட் இன்னும் எழும்பேல்லையோ? உம்மட சோல்டரிங்தான் பிழை."

"எல்லா போர்டும் ஒரே மாதிரிக் கிடக்குது சேர். என்ட பிழையெண்டா ஒண்டு ரெண்டாவது ஓடும். நீங்க காசு மிச்சம் பிடிக்க எஞ்சினியர்ட படத்தில இருந்து கொஞ்சச் சாமான் வெட்டினீங்களே, அது..."

"அது சும்மா சில்லறைச் சாமான். என்ட டிசைனைப் பற்றி நீர் கதைக்காதேயும். நாளைக்கு வெளியீட்டு விழா. இது ஓடாட்டி, பிறகு நீர் கொட்டாஞ்சேனையிலயே நிக்கலாம். இஞ்ச வரத் தேவையில்லை."

துறைமுகத்தில் வேலை போன புருஷன் றேமண்ட் கொட்டாஞ்சேனை வீட்டில்தான் இருந்தான். அடுப்பு எரிவது அவளுடைய இந்த வேலையில். றேணுகா பல்லைக் கடித்துக்கொண்டு போர்டை வெடுக்கென்று தள்ளினாள். விரல் எங்கேயோ பட்டது. பச்சை லைட் கண்ணடித்தது. டிக்.

"அல்லாஹ்! அக்கா, கைய எடுக்க வாணாம்!" என்று நிலாம் கத்தினான்.

எடுத்தாள், செத்தது. வைத்தாள், எழும்பியது.

"சிப்புட ஒரு கால் அந்தரத்தில நிக்குது அக்கா. நீங்க தொட்டா அதுக்கு ஒரு பிடிமானம் வருது. வெட்டின சாமான்ல ஒண்டத் திரும்பப் போட்டா சரி."

"ரெண்டு நாள் தாங்க சேர். எதெண்டு பார்த்துப் போடுறோம்," என்றாள் றேணுகா.

கிருபாகரன் அவளுடைய விரலை, ஏலத்தில் மலிவாகக் கிடைத்த பொருளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழாவுக்குக் கார்ட் அடிச்சாச்சு. ரெண்டு நாளுக்கு எங்க போறது? உம்மட விரல் இருக்குதானே!"

மறுநாள் கல்யாண மண்டபத்தில் குத்துவிளக்கு எரிந்தது. பட்டு விரித்த மேசையில் மோட்டாரும் கண்ணாடித் தாங்கியும். தரையைத் தொடாத குறையாகத் தொங்கிய பட்டுக்குள், முழங்கால் நாடியில் இடிக்கக் குறுகி உட்கார்ந்து, விரலைப் போர்டில் வைத்தபடி றேணுகா. பிரதம விருந்தினர் பொத்தானை அமத்தினார். தண்ணீர் ஏறியது. கைதட்டல்.

"மனிதக் கை படாமலே இயங்கும் கருவி!" கிருபாகரனின் குரல் மைக்கில் முழங்கியது. "அடுத்த மாதத்திலிருந்து போர்டுகளைச் சீனாவில் மெஷினே செய்யும். இனிமேல் கையால் சோல்டர் பிடிப்பதும் இல்லை, கைப்பிழையும் இல்லை!"

மறுபடி கைதட்டல். துணியின் கீழ்விளிம்பில் வரிசையாகச் சப்பாத்துகள் தெரிந்தன. ஓடினாலும் கொட்டாஞ்சேனைதான். றேணுகா மரத்துப்போன விரலைப் பார்த்தாள். நுனியில் சோல்டர் சுட்ட பழைய தழும்பு. எடுத்தாள்.

மோட்டார் நின்றது.

"ஒண்டுமில்லை, கரண்ட் கட்," என்று கிருபாகரன் மைக்கில் சிரித்தார். மைக் நன்றாகவே வேலை செய்தது.

பளபளத்த கறுப்புச் சப்பாத்து ஒன்று பட்டுக்குள் நுழைந்து, அவளுடைய முழங்காலைத் தேடிப் பிடித்து, இரண்டு தரம் தட்டியது. றேணுகா கையை மடிக்குள் மூடிக்கொண்டாள். மேலே அந்தக் குரல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே சப்பாத்து மூன்றாம் தரம் தட்டவில்லை, உதைத்தது.