வைக்கோலுக்குள் புடையன்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் கல்முனை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த பதியுதீன். அவர் சொன்னதில் பாம்பு மட்டும்தான் உண்மை. மிச்சத்தை அவர் மனைவி ஸுல்பிகா பிற்பாடு திருத்தித் தந்தாள். அதனால் கதை இனி அவள் பக்கம்தான் நிற்கும்.

2

'எண்பத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம், இருள் கவிந்த ஓர்...' வேண்டாம். அது பட்டப்பகல்.

ஸுல்பிகா மாட்டுக்கு வைக்கோல் உருவப் போனாள். வைக்கோல் போரின் அடியில் தடிப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது.

"இஞ்ச வாங்களேன், பாம்பு!"

பதியுதீன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். போன மாதம்தான் வயலில் ஒரு மலைப்பாம்பைப் பிடித்திருந்தார். (அது கோழியை விழுங்கிவிட்டு நகர முடியாமல் கிடந்தது என்பதை என்னிடம் அவர் சொல்லவில்லை.)

"மலைப்பாம்புக் குட்டி புள்ள. ஒண்டும் செய்யாது. வாலப் புடிச்சித் தூக்குறன் பாரு."

மலைப்பாம்பைப் பிடித்த அன்று வயலில் எல்லோரும் பதியுதீனைப் பார்த்தபோது ஸுல்பிகா பாம்பைப் பார்த்தவள். அதன் முதுகில் திட்டுகள் கிழிந்த துணித் துண்டுகள்போல ஒழுங்கில்லாமல் கிடந்தன. இதிலோ முட்டை வடிவப் புள்ளிகள், சங்கிலி கோத்தாற்போல மூன்று வரிசை. வாலும் குட்டை.

"கைய எடுங்க! இது புடையன்!" கண்ணாடி விரியனுக்கு அங்கே அதுதான் பேர்; கடித்தால் உயிர் போகும்.

"ஒனக்கென்ன தெரியும்?"

லொறி டயரில் காற்று இறங்குவதுபோலப் பாம்பு சீறியது. குனிந்தவர் குனிந்தபடியே உறைந்துபோனார்.

('அடுத்த கணம் அவருடைய கை' என்று எழுதிப் பார்த்தேன். மனம் வரவில்லை. அப்படி நடக்கவுமில்லை.)

ஸுல்பிகா பின்னாலிருந்து சாரனைப் பிடித்து இழுத்தாள். அவர் மல்லாக்க விழுந்தார். கை இருந்த இடத்தில் பாம்பு வெறுங்காற்றைக் கொத்தியது.

3

பாண்டிருப்பு ஊர்க் குணம் என்பவர் அவர்களுடைய வயல் பங்குக்காரர். நீளக் கம்போடு ஓடி வந்தார். பதியுதீனை அவர் 'காக்கா', அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"புடையன்தான் காக்கா. வைக்கலுக்க எலி, எலிக்குப் பின்னால இது. பகல்ல அசையாது, மிதிச்சாத்தான் தெரியும். பொழுதுபட்டா இரை தேடும். முட்டை போடாது, குட்டிதான். வயித்தப் பாருங்க."

தகர டின்னுக்குள் தள்ளி மூடி, ஆற்றங்கரைப் பற்றைக் காட்டுக்குள் விடக் கொண்டுபோனார்.

ஸுல்பிகா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தினமும் அந்தப் போருக்குள் கையை விட்டவள் அவள்.

4

பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு விசாரிக்க ஆட்கள் வந்தார்கள்.

"தூரத்திலயே கண்டுட்டன்," என்றார் பதியுதீன். "புள்ளி மூணு வரிசை. புடையன் எண்டு நான்தான் இவளுக்குச் சொன்னன். என்ன புள்ள?"

தேத்தண்ணித் தட்டோடு கதவுச் சீலையோரம் நின்ற ஸுல்பிகா அவரைப் பார்த்தாள். அவர் பார்வை கெஞ்சியது.

ஒரு முடிவில் அவள் "ஓம்" என்று ஆமோதிக்கிறாள். இன்னொன்றில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறாள். உண்மையில் என்ன சொன்னாள் என்று அவளிடமே கேட்டேன். சிரித்தாள்.

"எழுதுறது நீங்கதானே, நீங்களே சொல்லுங்க."

எனக்குத் துணிவில்லை. தட்டு இப்போது உங்கள் கையில். சீக்கிரம், தேத்தண்ணி ஆறுகிறது.