சைதா கடைக் கொசுறு

1996 ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் சைதாவின் ஆப்பக்கடை தரையை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பி நின்றது. அன்றைக்குக் கரி மூட்டைக்கு இருபது கியாட் ஏறியிருந்தபடியால் தெருவில் முதலில் பேச்சானது கரியைப் பற்றித்தான். கடையைப் பற்றிப் பேச மத்தியானம் ஆகிவிட்டது.

கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பலகை மேடை, அதன்மேல் கரியடுப்பு, இரண்டு ஆப்பச்சட்டி, நாலு கம்பு நட்டு இழுத்துக் கட்டிய தார்ப்பாய். கையிலிருந்த இரண்டு வளையலும் இதில் கரைந்துபோயின. புருஷன் பினாங்குக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் பண்ணிக்கொண்ட பிறகு, சைதா மோல்மேனில் அண்ணன் அப்துல் பாரி வீட்டு அடுப்படியில் மூன்று வருஷம் கிடந்தவள். மதினியைக் குறை சொல்ல முடியாது, நல்லவள்தான். ஆனால் உப்பு டப்பா எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைக்கூட மதினிதான் தீர்மானிப்பாள். ஒருநாள் டப்பாவை இடப்பக்கம் வைத்ததற்குப் பேச்சு வாங்கிய சைதா, அன்று சாயங்காலமே ரங்கூன் போய்க் கடை வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

"நடைபாதைக் கடைங்களை லாரி வந்து அள்ளிட்டுப் போகுதாமே," என்றார் அப்துல் பாரி. "உன் கடை லாரியில ஏறுற அன்னைக்கு நீ ரயில்ல ஏறிடணும். சம்மதமா?"

"சம்மதம் காக்கா," என்றாள். அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

தொழில் என்பது அடி வாங்கிப் படிக்கிற படிப்பு. முதல் வாரம் ஒன்பது மணிக்கு அடுப்பு மூட்டினாள். தெரு ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்து பஸ் ஏறியிருந்தது. இரண்டாவது வாரம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். பஸ் பிடிக்க ஓடுகிறவன் தேங்காய்ப்பாலை எந்தக் கையில் பிடிப்பான்? மூன்றாவது வாரம்தான் புத்தி வந்தது. இந்த ஊரில் மேல்மாடிக்காரர்கள் படி இறங்க மாட்டார்கள், அவர்களுடைய கயிறுதான் இறங்கும். கயிற்று நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழே இருப்பவர் பையைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், அவர்கள் தூக்கிக்கொள்வார்கள். ஏழு கயிறுகள் தொங்கும் ஒரு கட்டடத்துக்குக் கீழே மேடையைப் போட்டாள். வியாபாரம் பிடித்துக்கொண்டது.

வினை வந்தது கொசுறில். ஐந்து ஆப்பம் வாங்கினால் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி ஆப்பம் சேர்த்துப் போடுவாள். கொசுறு இல்லாத வியாபாரமும் ஒரு வியாபாரமா! ஆனால் அதைச் சொல்லிப் போடக் கூடாது. சொன்னால் தர்மம் போட்டதாகிவிடும், வாங்குகிறவருக்கு மரியாதை இல்லை. கை தவறி விழுந்த மாதிரி விழ வேண்டும். மூன்றாம் மாடியில் இருந்த டோ கின் லே முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா, பர்மியப் பேச்சில் 'சயாமா'. ஐந்து என்றால் அவருக்கு ஐந்துதான். கொடுக்காததை எடுப்பது பாவம் என்று புத்தர் முன்னால் தினமும் சொல்கிறவர் வேறே. குட்டி ஆப்பத்தைத் திரும்பக் கிளிப்பில் மாட்டி, "எண்ணிக்கை தப்பு," என்று இறக்கிவிட்டார். சைதாவுக்குச் சுருக்கென்றது. மேலே அனுப்பினாள். அவர் கீழே அனுப்பினார். பதினோராவது தடவை அந்தக் குட்டி ஆப்பம் கிளிப்பிலிருந்து கழன்றுகொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் இரண்டாம் மாடி உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. கொடுத்தவளுக்கும் சொந்தமில்லை, வாங்கினவருக்கும் சொந்தமில்லை, பின்னே அது எங்கேதான் போகும்?

தெருவில் பாதிப் பேர் டீச்சரம்மாவிடம் படித்தவர்கள். அவர் திருப்பிக் கொடுத்தால் அவர்களும் திருப்பிக் கொடுத்தார்கள். மிதந்ததையெல்லாம் சைதா துடைப்பத்தால் ஓட்டிவந்து தார்ப்பாய்க்கு அடியில் சேர்த்தாள். நாற்பத்தேழாவது கொசுறு சேர்ந்த நேரமும் லாரி தெருவில் திரும்பிய நேரமும் ஒன்றாக இருந்தது. கடை சைதாவோடு சேர்ந்து எழும்பியது. லாரியில் வந்த அதிகாரி சட்டம் தெரிந்த மனுஷர். நடைபாதையின் மேல் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்ற உத்தரவை உரக்கப் படித்தார். குனிந்து மேடைக்கு அடியில் பிரம்பை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசினார். எதிலும் தட்டவில்லை. 'பொருள் ஏதுமில்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

ஒரு கொசுறு நாற்பது நாள் மிதக்கும், பிறகு காய்ந்து விழுந்துவிடும். புதுசு வந்துகொண்டே இருந்ததால் கடை 1998-ல் இரண்டாம் மாடி வரை போயிற்று. இரண்டாம் மாடியில் கலா என்று ஒரு தமிழ்ப் பெண் குடியிருந்தாள், அவளுடைய பால்கனி வழியாகத்தான் சைதா கடைக்குள் கால் வைப்பாள். அந்தக் கலாதான், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், மறு வருஷம் ஒருநாள் டீச்சரம்மாவிடம் சொல்லிவிட்டாள்: "அது கணக்குத் தப்பு இல்லை சயாமா. எங்க ஆளுங்க பிரியமா போடுறது." டீச்சரம்மா பதறிப்போனார். மூன்று வருஷமாக ஒருத்தியின் பிரியத்தைத் திருப்பி அடித்திருக்கிறோமே! அன்றிலிருந்து கொசுறை முதலில் எடுத்துச் சாப்பிட்டார். தெருவே சாப்பிட்டது. சைதாவுக்கு ஒரு பக்கம் கண்ணில் நீர் வந்தது, மறுபக்கம் கடை இறங்கிக்கொண்டே வந்தது. கலாவைக் கெஞ்சி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். கலா வேண்டாம் என்று வாயால்தான் சொன்னாள். ஆப்பம் நேரே சாக்கடையில் விழுந்தது.

1999 டிசம்பரில் கடை தரைக்கு நாலு விரற்கடை மேலே இருந்தது. லாரி வரும் நாள் அது, அது வருவதற்குள் கடை தரையைத் தொட்டுவிடும். விஷயம் கேள்விப்பட்டு அப்துல் பாரி விடியற்காலையே இரண்டு ரயில் டிக்கெட்டோடு வந்து நின்றார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து ஒரு கொசுறை விட்டவர் அல்ல. கைலி வாங்கினால் நூல்கண்டு கேட்பார். நிக்காஹ் பேசி முடித்த இடத்திலேயே மாமனாரிடம் ஒரு ஆட்டுக்குட்டியைக் கொசுறாக வாங்கினவர்.

"மூட்டையைக் கட்டு," என்றார். கட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று பார்த்ததும் தொண்டையைச் செருமினார். "சரி, பசிக்குது. அஞ்சு ஆப்பம் குடு."

சைதா சுட்டாள். ஓரம் முறுகலாகவே வந்தது. நாளைக்கு எந்தப் பக்கம் உப்பு டப்பா இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காக்காவிடம் கெஞ்சக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஐந்தை வைத்தாள். பழகின கை, ஆறாவதையும் ஒன்றும் சொல்லாமல் போட்டது. தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது.

அப்துல் பாரி அந்தக் குட்டி ஆப்பத்தைப் பார்த்தார். தங்கச்சியின் விரல்களில் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்தார். வாயில் எச்சில் ஊறியது, அதை மறைப்பதில் பிரயோசனமில்லை. இரண்டு விரலால் அதை எடுத்தார், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"எண்ணத் தெரியாதா உனக்கு? ஒண்ணு அதிகமா இருக்கு. வேணாம், வச்சுக்க."

கடை கலாவின் பால்கனியைத் தாண்டி, டீச்சரம்மாவின் பால்கனியைத் தாண்டி, நாலாம் மாடியில் போய் நின்றது. சைதா மேலேயிருந்து "காக்கா!" என்று கத்தி அழுதாள். அதிகாரி பிரம்பை வீசிப் பார்த்துவிட்டு 'பொருள் ஏதுமில்லை' என்று எழுதினார். அப்துல் பாரி ஐந்து ஆப்பத்தையும் நின்றபடியே தின்று முடித்து ஸ்டேஷனுக்குப் போய் ஒரு டிக்கெட்டை விற்றார். விற்கும்போது வாங்கினவனிடமிருந்து ஒரு வெற்றிலைச் சுருளைக் கொசுறாக வாங்கிக்கொண்டார்.

2010-லும் கடை நாலாம் மாடி உயரத்தில்தான் இருந்தது. கயிறு மட்டும் இப்போது சைதாவுடையது, தெருவுக்கு இறங்கும். மற்ற கொசுறுகளையெல்லாம் ஜனங்கள் சாப்பிட்டுவிடுகிறார்கள். காக்கா வேண்டாமென்ற அந்த ஒன்று நாற்பது நாள் கழித்தும் விழவில்லை, பதினோரு வருஷம் கழித்தும் விழவில்லை. மழைக்காலத்தில் சைதா அதற்கு ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிவிடுவாள்.