இறங்காத பாலம்

தொலைக்காட்சித் திரையில் நடந்துகொண்டிருந்த தபால்காரி கல்சுவருக்குள் இடுப்பளவு மூழ்கியபோது காலை மணி பதினொன்றேகால். ஷெர்லீன் கன்ட்ரோலரிலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை. சுவரைச் செய்தவர்கள் அந்த இடத்தில் கல்லின் படத்தை மட்டும் ஒட்டிவிட்டு, கல்லை வைக்க மறந்திருந்தார்கள். தபால்காரி எதுவும் நடக்காதவள்போலக் கல்லுக்குள்ளேயே நடந்து, கோட்டையின் அந்தப் பக்கம் வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் பாதி இறங்கிய பாலம் அந்தரத்தில் அப்படியே நின்றது. அந்தப் பாலத்தோடு இரண்டு மாலை முழுக்க முட்டி மோதிவிட்டுத்தான் கணவன் ரெஜினால்ட், "இது செத்த கேம் லா" என்று சொல்லிக் கன்ட்ரோலரைச் சோபாவில் விட்டெறிந்தான். ஷெர்லீன் எழுந்து நின்றாள். சொல்வதற்கு வீட்டில் யாருமில்லை. அடுக்களைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி மூன்று மாதம். பெம்பானுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, பெம்பான் பாலர் பள்ளியிலேயே ஐந்து வருடம் வேலை பார்த்தவள், சுங்கை ஊடாங்கில் ஒரு தாமான் குடியிருப்பில் வாடகை வீட்டுக்கு வந்திருந்தாள். ரெஜினால்ட் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் குத்தகை நிறுவனமொன்றின் டெக்னீஷியன். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் காலம். காலை ஆறுக்குப் போனால் இரவு ஏழரைக்குத்தான் வருவான். நல்லவன். குடியில்லை, கோபமில்லை. பேச்சும் இல்லை. ஒன்பது மணிக்குள் வீட்டு வேலை தீர்ந்துவிடும். பிறகு அவள் கேட்டைத் திறப்பாள், மூடுவாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். இருபத்து மூன்று பிள்ளைகளின் சத்தத்தில் இருந்து பழகிய காதுக்கு, காற்றாடியின் சத்தம் மட்டும் போதவில்லை.

சால்ட் மெயில் என்ற அந்த கேம், தீவு தீவாகப் படகில் கடிதம் கொண்டுபோகும் ஒரு தபால்காரியின் கதை. அதன் இரண்டாம் பாகம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய குறுந்தட்டாக அவர்கள் எஸ்டேட் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. விளையாடுவது அண்ணன் இக்னேஷியஸ். அவனுக்கு ஆங்கிலம் ஓடாது. திரையில் வரும் கடிதங்களை வாசித்து, எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம் என்று பள்ளிக் கணக்கு நோட்டில் வரைபடம் போட்டு வைப்பது ஷெர்லீன். தீவுகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஜாய்ஸ்டிக் கைக்கு வந்ததில்லை. "நீ சொல்லு, நான் ஓட்டுறேன்" என்பான் அண்ணன். அதில் அவளுக்குக் குறையும் இருந்ததில்லை, அப்போது.

பல வருடம் கழித்து ஐந்தாம் பாகம் வரப்போகிறது என்று ரெஜினால்ட் முன்கூட்டியே பதிவு செய்து காத்திருந்ததைப் பார்த்தபோதுதான், இவனும் அந்தக் கடலில் வளர்ந்தவன் என்று அவளுக்குத் தெரிந்தது. வந்தது அரைகுறை. ஆட்களின் முகம் முதுகுப்பக்கம் திரும்பிக்கொண்டது. படகுகள் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே மிதந்தன. மழை பெய்தால் திரை திக்கித் திணறியது. ரெஜினால்ட் மலாக்கா டவுனில் இருந்த நண்பன் தினேஷ்வரனைக் கைப்பேசியில் கூப்பிட்டு, ஒவ்வொரு குறையாகச் சொல்லித் திட்டினான். முக்கால் மணி நேரம். ஷெர்லீன் வெங்காயம் உரித்தபடி அவ்வளவையும் கேட்டாள். அவனுக்கு இத்தனை வார்த்தை தெரியுமா என்றிருந்தது. இரண்டு நாள் கழித்து அவன் அதைக் கைவிட்டதும் வீடு மறுபடியும் அடங்கிவிட்டது.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். புதிதாகத் தொடங்கத் தெரியாமல், அவன் விட்ட இடத்திலிருந்தே போனாள். முதலில் படகைப் பாறையில் மோதினாள், கடிதங்களைக் கடலில் கொட்டினாள். குறைகள் அவளுக்கும் தெரிந்தன. ஆனால் கடற்காற்றின் ஓசை பழைய ஓசைதான். கடிதங்களை எழுதியவர் யாரோ நன்றாக எழுதியிருந்தார். ஒரு மீனவன் தம்பிக்கு எழுதிய கடிதத்தை அவள் சத்தமாக, பிள்ளைகளுக்கு வாசிப்பதுபோல வாசித்தாள். நல்ல ஆட்டம் என்று யாரிடமும் வாதாட மாட்டாள். நாளை காலை எப்போது ஒன்பது மணியாகும் என்று மட்டும் இருந்தது.

பாலத்தைத் தாண்டி ஒரு வாரத்தில் ஆறாவது தீவுக்கு வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் திரை நின்றது. இதுவும் ஒரு பழுதுதான் என்று காத்திருந்தாள். கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு கட்டம் வந்தது. அவளுக்குத் தெரிந்த எதையும் அது ஏற்கவில்லை. அணைத்துப் போட்டாள். பகல் முழுக்க வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். காயாத துணியைத் தொட்டுப் பார்த்தாள். சேலார் மீனைக் குழம்பு வைத்தாள், ருசி பார்க்க மறந்தாள்.

இரவு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த ரெஜினால்ட் தானாகவே பேசினான்.

"யாரோ என் அக்கவுண்ட்ட ஹேக் பண்ணிட்டான்."

அவள் குழம்பை ஊற்றினாள்.

"ஒரு வாரமா பகல்ல நான் ஆன்லைன்ல இருக்கேனாம். எம்சி லீவு போட்டுட்டு வீட்டுல விளையாடுறேன்னு தினேஷ் நெனச்சிருக்கான். இன்னிக்குத்தான் கேட்டான். உடனே போன்லயே பாஸ்வர்ட் மாத்தி, எல்லா எடத்துலயும் லாக் அவுட் பண்ணிட்டேன்."

"அப்டியா."

"ஆனா ஒண்ணு லா. எவன்னு தெரியல, ஆளு கெட்டிக்காரன். அந்தப் பாலத்தத் தாண்டிட்டான். ஆறாவது தீவுல நிக்குது." சோற்றைப் பிசைந்தவன் நிறுத்தினான். "எப்டிப் போனான்னுதான் காலையிலேர்ந்து மண்டையக் கொடயுது. வேலையே ஓடல."

ஷெர்லீன் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். சும்மா இருந்துவிடலாம். ஹேக் பண்ணியவன் போய்விட்டான், அதோடு முடிந்தது. ஆனால் கெட்டிக்காரன் என்ற சொல்லை வேறு யாருக்கோ விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"பாலத்துல போகல. எடதுபக்கம் சுவரு இருக்குல்ல, அது வெறும் படம். உள்ள பூந்து போலாம்."

அவன் நிமிர்ந்தான். "நீயா?"

"ம்."

"பகல்லயா?"

"நீங்க வேலைக்குப் போனதும்."

அவன் முகத்தில் முதலில் வந்தது சிரிப்புதான். அது பாதியில் நின்றது. "தெனமும் வேலைக்கு அப்ளை பண்றேன்னு சொன்னியே. இன்னிக்கு ரெண்டு எடம், நேத்து மூணு எடம்னு."

அவள் சட்டியைத் தள்ளி வைத்தாள்.

"மூணு வாரமா அனுப்பல. ஒரு தாடிக்காவுல டீச்சர் வேலைக்குன்னு போன் பண்ணாங்க. கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்தானா, அப்போ சீக்கிரமே வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னுடுவீங்களேன்னு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் கை ஓடல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எப்பப் பேசுனீங்க? அந்த கேமத் திட்டுறப்பதான் இந்த வீட்டுல உங்க கொரலே கேட்டுச்சு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நாளாகத் தொண்டையில் இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. ரெஜினால்ட் மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். இன்னொரு முள்ளை எடுத்து வைத்தான். பிறகு தட்டோடு எழுந்தான். அடுக்களைக்குப் போகிறான், இனி நாலு நாளைக்கு முகம் பார்க்க மாட்டான் என்று அவள் நினைத்தாள். அவன் தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஆன் பண்ணு. என் கை எச்சி."

கட்டம் வந்தது. அவள் கன்ட்ரோலரில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கப்பால் சம்பா. சேத்து எழுது. எல்லாம் சின்ன எழுத்து."

மலாயில் குப்பைக் கப்பல் என்று அர்த்தம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தாள். ஆறாவது தீவு மெல்ல, துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. தபால்காரி வடக்கு ஓரத்தில் நின்றாள். அவள் காலடி வரைக்கும் புல் இருந்தது. அதற்கப்பால் புல்லும் இல்லை, மண்ணும் இல்லை, சாம்பல் நிறத்தில் வெறும் வெளி.

"அங்கிட்டு என்னா?"

"ஒண்ணுமில்ல. செய்யாமலே விட்டுட்டாங்க. நான் ரொம்ப நேரம் இங்கதான் நிப்பேன்."

"போனா விழுந்துருவாளா?"

"தெரியல. போனதில்ல."

அவன் திரையையே பார்த்தான். வேலையைப் பற்றி இன்னும் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. கேட்க மாட்டான் என்றும் தோன்றவில்லை. வலது கையைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தான். குழம்பு விரல்களில் காயத் தொடங்கியிருந்தது.

"போ" என்றான்.

ஷெர்லீன் கட்டைவிரலை முன்னால் தள்ளினாள். தபால்காரி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, புல் முடிந்த இடத்தில் ஒரு காலை எடுத்து வைத்தாள்.